எக்ஸ்ரே ஜமால் அண்ணனின் டப்பாக்கள்

செய்தி வந்தபோது நான் சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கண்ணைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மடியில் கைபேசி அதிர்ந்தது, அடங்கியது, மறுபடி அதிர்ந்தது. பொறுக்க முடியாமல் திறந்து பார்த்தேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கைபேசியைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, ஒருவழியாகப் படித்தேன். ஏற்காட்டில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நாம் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் வந்திருந்தது. "எக்ஸ்ரே ஜமால் அண்ணன் இன்னிக்குக் காலைல மவுத் ஆயிட்டாருங்க."

அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நடுவில் ஒருவர் மட்டும் இரண்டு வாக்கியம் எழுதியிருந்தார். "தங்கமான மனுசன். அந்த பிலிம் விசயத்துல மட்டும் கொஞ்சம் அஜாக்கிரதையா இருந்துட்டாரு."

எழுதியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. முப்பது வருடங்களாக நீங்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி நம்பும்படி விட்டவள் நான். அதனால்தான் குழுவில் ஜமால் அண்ணனைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னபோது, நான் எழுதுகிறேன் என்று முந்திக்கொண்டேன். எழுத உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, இது ஐந்தாவது தாள்.

அவரை உட்கார்ந்த நிலையில் நினைத்துப் பார்ப்பது நம்மில் யாருக்கும் கஷ்டம். எக்ஸ்ரே அறை வாசலில் அவருக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. ஆஸ்பத்திரியில் மற்ற நாற்காலிகள் எல்லாம் குழி விழுந்து தொங்கியபோது அது மட்டும் வாங்கிய அன்று போலவே இருந்தது. டீயை நின்றுகொண்டு குடிப்பார். சாப்பாட்டை நடந்துகொண்டே சாப்பிடுவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன்மார் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். "இவனக் கல்லாவுல உக்கார வெக்க முடியாமத்தானுங்க படிக்க அனுப்புனோம்" என்று பெரியவர் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, வருகிறவர்களையெல்லாம் அசையாமல் நிற்கச் சொல்வது. "மூச்சப் புடிங்க, ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று சொல்லும்போதே அவருடைய கால் தரையில் தாளம் போடும். ஒருநாள் கேட்டேன். "ஏனுங்கண்ணா, ஊரையே ஆடாதீங்கன்னு சொல்றீங்க, நீங்க ஒரு நிமிசம் நிக்க மாட்டேங்கறீங்களே?"

"நானும் ஆடாம நின்னுட்டா பட்டன யாருங்க சிஸ்டர் அமுக்கறது?" என்றார்.

டப்பா விவகாரம் தொடங்கிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிலிம் கழுவும் இருட்டறையின் ஜன்னல் கண்ணாடிக்குக் கருப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதில் ஒரு இடத்தில் கடுகளவு பெயின்ட் உரிந்துவிட்டது. பிலிமில் வெளிச்சம் படுகிறதே என்று அதை அடைக்கப் போனவர், அடைக்காமல் வெளியே ஓடிவந்தார். வார்டில் நான் ஒரு பாட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். "சிஸ்டர், சீக்கிரம் வாங்க. ஜீப்பு தலைகீழாப் போவுது" என்றார். விபத்து என்று நினைத்துக் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இருட்டறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். எதிர்ச் சுவரில் நம் ஆஸ்பத்திரி வாசல் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழான வாசலில் தலைகீழான சில்வர் ஓக் மரம், அதனடியில் எஸ்டேட் ஜீப்பிலிருந்து தலைகீழாக இறங்கும் ஆட்கள். வண்ணம்கூட மாறவில்லை. ஒரு பெண்ணின் மஞ்சள் சேலை சுவரில் மிதந்து போனது.

"ஒரு லென்சு இல்ல, ஒண்ணும் இல்லீங்க. வெறும் ஓட்டை" என்றார். அன்று சாயங்காலம் ஓட்டையை அடைத்துவிட்டார், வேலைக்கு வேண்டுமே. ஆனால் அந்த மனுஷர் அடங்கவில்லை.

அடுத்த நாளே பால் பவுடர் டின் ஒன்றை எடுத்து உள்ளே பள்ளிக்கூடப் பலகைக்கு அடிக்கும் கருப்பை அடித்தார். பக்கவாட்டில் ஆணியால் ஒரு துவாரம். அதன் மேல் மெல்லிய தகடு ஒட்டி அந்தத் தகட்டில் ஊசித்துளை போட வேண்டும். டின்னுக்குள் துளைக்கு எதிராகப் பிலிமை வளைத்து வைத்து, மூடி, வெளியே கொண்டுபோய்க் கல்லின் மேல் நிறுத்தி, துளையை மறைத்திருக்கும் பிளாஸ்திரியைத் தூக்கினால் படம். சொல்லும்போது எளிதாக இருந்தது. இரண்டு மாதம் ஒரு படமும் வரவில்லை.

"ஏனுங்க சிஸ்டர், உங்ககிட்ட நொம்ப மெல்லிசா ஒரு ஊசி இருக்குமுங்களா?" என்று முதலில் இன்ஜெக்‌ஷன் ஊசி கேட்டார். அது சாய்வாக வெட்டியிருப்பதால் துளை கோணலாக விழுந்தது. தையற்காரரிடம் போய் நுண்ணிய ஊசி வாங்கினார். தகடு தடிமனாக இருந்ததால் படம் ஓரமெல்லாம் இருண்டது. கடைசியில் தீர்ந்துபோன அலுமினியப் பற்பசைக் குழாயை வெட்டி, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தட்டையாக்கினார். நம் எல்லோர் வீட்டுப் பற்பசைக் குழாய்களும் அந்த வருடம் அவரிடம்தான் போய்ச் சேர்ந்தன. ஒரு டின் மூடி வழியாக வெளிச்சம் குடித்தது. ஒன்று மழையில் நனைந்தது. கரடியூரில் பாறை மேல் வைத்த ஒன்றைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்து பிலிமை நக்கிப் பார்த்துவிட்டு அவர் மேலேயே வீசியது. "அதுக்கும் புடிக்கலீங்க" என்று சிரித்தார். ஒன்று காய்வதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். "நின்னு யோசிச்சா வெளிச்சம் போயிருமுங்க" என்பார்.

முதல் படம் வந்த நாளில் அதை எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு எங்களைக் கூப்பிட ஓடினார். அதற்குள் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்து நின்றவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, "யாரு இது? ரெண்டு பக்க நுரையீரலும் நல்லாப் பாதிச்சிருக்கே. பேஷன்ட் எங்க?" என்று கேட்டார். கருப்பு வானத்தில் வெள்ளைக் கிளைகளாக விரிந்திருந்தது வாசல் சில்வர் ஓக். ஜமால் அண்ணன் ஓடிவந்து நின்றார். "பேஷன்ட் வாசல்ல நிக்கறாருங்க சார். மரமுங்க" என்றார். டாக்டர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் கண்டிப்பாகச் சொன்னார். காலாவதியான பிலிமை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், நோயாளிகளுக்கான பிலிமில் ஒன்றைத் தொட்டாலும் வேலை இருக்காது. ஜமால் அண்ணன் அதை ஒருநாளும் மீறியதில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

அப்புறம் ஒரு வருடம் அவர் மலை முழுக்க அலைந்தார். இரண்டு டூட்டிக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஏரிக்குப் போவார், சேர்வராயன் கோயிலுக்குப் போவார். ஒரு பழைய பையில் நாலு டின், மேலே ஒரு துண்டு. படத்துக்கு வெயிலைப் பொறுத்து இருபது விநாடி, ஒரு நிமிடம், மேகமென்றால் இன்னும் அதிகம். டின்னை வைத்துவிட்டு அதைச் சுற்றியே நடந்துகொண்டிருப்பார். முன்னால்கூடப் போய்வருவார். படத்தில் அவர் விழவே மாட்டார், ஒரு கறைகூட இருக்காது. அவர் ஆடாமல் நிற்காததால் பிலிமுக்கு அவர் இல்லாத ஆள்.

கார்த்திகையில் காப்பிப் பழம் பழுத்த சமயம் என்னை ஒரு செடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். நாற்பது எண்ணும் வரை ஆடக்கூடாது. "மூக்கச் சொரியாதீங்க. கண்ணச் சிமிட்டலாம், பரவால்ல. அய்யோ, தலைய ஆட்டாதீங்க" என்று அவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பேசியதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தில் என் முகம் புகையாகப் போயிருந்தது. பழங்கள் மட்டும் தெளிவாக இருந்தன, ஆனால் சிவப்புப் பழங்கள் எல்லாம் வெள்ளை வெளேர் என்று. ஏன் என்று கேட்டேன்.

"இந்தப் பிலிமுக்குச் செவப்பு தெரியாதுங்க சிஸ்டர். அதனாலதான நாம இருட்டறையில செவப்பு லைட்டப் போட்டுட்டு வேல செய்யறம். செவப்புல எத்தன நேரம் வெச்சிருந்தாலும் அதுக்கு இருட்டுதான், வெளுப்பாவே இருக்கும். வெள்ளை லைட்டு ஒரு நொடி பட்டாப் போதும், கருத்துப் போயிரும், முடிஞ்சுது" என்றார்.

போகும்போது ஒரு சின்ன டின்னை என் கையில் கொடுத்தார். "இது உங்களுக்குன்னு செஞ்சது. நீங்களே ஒண்ணு எடுங்க. நான் பக்கத்துல இருந்தா பேசியே கெடுத்துப் போடுவன்."

நான் இப்போது சொல்லப்போவது இதுவரை உங்களில் யாருக்கும் சொல்லாதது.

மார்கழி. நாலு நாளாக மழை. மலைப்பாதையில் லாரி வராததால் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பிலிம் வரவில்லை. ஐந்தாம் நாள் மதியம் லேசாக வெயில் எட்டிப் பார்த்தது. ஜமால் அண்ணன் கடைக்குச் சாப்பிடப் போயிருந்தார். அவர் வருவதற்குள் ஒரு படம் எடுத்துக் கழுவி, வெளிச்சப் பெட்டியில் மாட்டி, அவரைத் திகைக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். இருட்டறைக்குள் போனேன். காலாவதியான பிலிமை எப்போதும் கீழ்த் தட்டில் வைப்பார், நல்ல பிலிமை மேல் தட்டில். அன்று மேல் தட்டில் மழை ஒழுகியதால் நல்ல பெட்டியையும் கீழே இறக்கி வைத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. கைக்குக் கிடைத்த பெட்டியை எடுத்தேன்.

இருட்டில் மூடியைத் திறந்து உள்ளே இருந்த கருப்புப் பையைப் பிரித்தேன். பத்துப் பிலிம் இருந்திருக்கும். அவை சரியாமல் இருக்க மேல் பிலிமின் மேல் வலது கையை அகல விரித்து அழுத்திக்கொண்டு, இடது கையால் சுவரில் சிவப்பு விளக்கின் சுவிட்சைத் தேடினேன். அங்கே இரண்டு சுவிட்சுகள் உண்டு. அழுத்தினேன். அறை முழுக்க வெள்ளை வெளிச்சம்.

நான் கத்தவில்லை. கையை எடுக்கவும் இல்லை, அது அப்படியே பிலிமோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று நொடி இருக்கும். அணைத்தேன். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டை அந்த மூன்று நொடியில் படித்துவிட்டேன். அது நல்ல பெட்டி. ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த ஒரே பெட்டி.

பையைச் சரியாக மடித்தேனா, மூடியை அழுத்தினேனா என்றுகூடத் தெரியவில்லை. வைத்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஜமால் அண்ணன் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வார்டில் ஒரு காய்ச்சல் கேஸைப் பார்த்தேன். அவர் திரும்பி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எழுந்தேன். அதற்குள் கொட்டச்சேடு கிராமத்திலிருந்து சின்னப்பொண்ணைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எஸ்டேட்டில் பழம் பறிக்கும் பெண் சின்னப்பொண்ணு. இருபத்தைந்து வயது இருக்கும். ஈரச் சரிவில் வழுக்கிக் கல்லில் விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே கால் திரும்பிக் கிடந்தது. டாக்டர் உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நான்தான் அவளைத் தள்ளுவண்டியில் எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அந்தத் தாழ்வாரம் முழுக்க நேரம் இருந்தது.

ஜமால் அண்ணன் படம் எடுத்துவிட்டு இருட்டறைக்குள் போனார். வரவில்லை. அவர் எதற்கும் அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. பிறகு வெறுங்கையோடு வந்தார். "பிலிம் சரியில்லீங்க சார். இன்னொண்ணு எடுக்கறன்" என்றார். அதுவும் சரியில்லை. பெட்டியின் அடியில் இருந்ததை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து டாக்டரிடம் காட்டினார். அது முழுக்கச் சாம்பல் பூத்து, ஓரங்கள் கருப்பாகி, நடுவில் மட்டும் மேகம் போல ஒரு வெளுப்பு.

"எல்லாமே இப்படியா?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க சார்."

"வெளிச்சம் பட்டிருக்கு. யாரு தெறந்தது?"

ஜமால் அண்ணன் அந்தப் பிலிமையே பார்த்துக்கொண்டு நின்றார். கால் ஆடவில்லை, கை ஆடவில்லை. நான் அவருக்கு மூன்றடி தூரத்தில் சின்னப்பொண்ணின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என் தப்புதானுங்க சார். பெட்டி மாறிப்போச்சு" என்றார்.

டாக்டர் கத்தியது வாசல் வரை கேட்டது. உங்களில் பலர் அதைக் கேட்டிருப்பீர்கள். காலாவதியான பிலிமில் எலும்பு முறிவு தெரியும் அளவுக்குப் படம் விழாது. அன்று மலை மேல் வேறு எங்கும் எக்ஸ்ரே எடுக்க வழியில்லை. கீழே போகும் பாதையில் மண் சரிந்திருந்ததால் மறுநாள் மதியம் வரை ஜீப் இறங்க முடியவில்லை. டாக்டர் கையால் தடவிப் பார்த்தே எலும்பைச் சேர்த்துக் கட்டினார். சேலத்தில் படம் எடுத்தபோது கால் வீங்கி முற்றியிருந்தது. சின்னப்பொண்ணின் கால் இரண்டு விரல்கடை குட்டையாகச் சேர்ந்தது. ஜமால் அண்ணனை அந்த மாதத்தோடு போகச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வேலை நிரந்தரமாகி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அம்மாவும் தம்பியும் என்னை நம்பி இருந்தார்கள். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. ஜமால் அண்ணனுக்கும் கைக்குழந்தை இருந்தது.

அவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று நான் லீவு போட்டுவிட்டு ஓமலூருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எனக்குக் கொடுத்த டின்னைக் குப்பையில் போட்டேன். பிறகு நிம்மதியில்லாமல் குப்பையில் தேடினேன். கிடைக்கவில்லை.

பல வருடம் கழித்து ஒருமுறை சேலம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தாடி நரைத்திருந்தது. ஏதோ ஸ்கேன் சென்டரில் வேலை என்றார். அதற்கு முன் ஆத்தூரில், அதற்கு முன் தர்மபுரியில். எங்கும் இரண்டு வருடம் நிலைத்ததில்லை. என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், டாக்டரைப் பற்றிக் கேட்டார். "டப்பாவெல்லாம் இன்னும் செய்யறீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க சிஸ்டர். விட்டு நொம்ப நாளாச்சு" என்றார்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

அவர் என்னைப் பார்த்தார். பேசாமல், அவசரப்படாமல், காத்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நிற்பது எனக்குப் பயமாக இருந்தது. ஏற்காடு பஸ் வந்து நின்றது. "சீட்டுப் புடிக்கோணும், இன்னொரு நாளைக்குச் சொல்றனுங்க" என்று ஓடி ஏறிக்கொண்டேன். அந்த பஸ் புறப்பட இருபது நிமிடம் ஆயிற்று. அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். நான் இறங்கவில்லை.

அவர் இறந்த எட்டாம் நாள் சேலம் கோட்டைப் பக்கம் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி மைமூன், கணவர் இறந்தபின் வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் இருந்தார். பெண் என்பதால் என்னை உள் அறைக்கு அனுப்பினார்கள். என்னைக் கண்டதும் அழுதார். அழுகை ஓய்ந்ததும் கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு பழைய எக்ஸ்ரே கவரை எடுத்தார்.

"மலையில எடுத்த படமெல்லாம் இதுலதான் இருக்குதுங்க. டப்பாவையெல்லாம் நாந்தான் ஒடச்சுப் போட்டன். இதுனாலதான நம்ம ஊடு போச்சு, வேல போச்சுன்னு வாழ்நாள் பூரா அவரத் திட்டுனன். ஒரு வார்த்த எதுத்துப் பேசலீங்க. இத மட்டும் எங்கண்ணுல படாம ஒளிச்சு வெச்சிருந்திருக்காரு."

ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஏரி, பாறை, கோயில் வாசல், புகையாக நான். கடைசியில் ஒன்றை எடுத்து, "இது மட்டும் என்னன்னே தெரியலீங்க. எக்ஸ்ரே மாதிரியும் இல்ல, அவரு படம் மாதிரியும் இல்ல. யாரு கையோ. உங்களுக்குத் தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

முழுக்கக் கருப்பான பெரிய பிலிம். அதன் நடுவில் விரித்த ஒரு வலது கை, வெள்ளையாக, ஓரம் கத்தரித்தது போலத் தெளிவாக. என் கை பட்டிருந்த இடத்தில் வெளிச்சம் விழவில்லை. அதனால் அந்த இடத்தில் மட்டும் எக்ஸ்ரே பதிவாகியிருந்தது. உள்ளங்கைக்குள் சின்னப்பொண்ணின் உடைந்த எலும்பில் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது.

சிறுவயதில் கதவிடுக்கில் நசுங்கி என் வலது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். ஆஸ்பத்திரியில் அதைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. பிலிமிலும் அது அப்படியே வளைந்திருந்தது. இந்தப் படத்தை அன்று டாக்டரிடம் காட்டியிருந்தால் அவர் ஒரு கேள்வியும் கேட்டிருக்க வேண்டியதில்லை. இருட்டறைக்குள் அவர் ஏன் அவ்வளவு நேரம் எடுத்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் அவர் எதற்காகக் காத்து நின்றார் என்பதும்.

பிலிமின் மேல் என் கையை வைத்துக் காட்டினேன். சரியாகப் பொருந்தியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் மைமூன் என்னைத் தேற்றுவார் என்று எங்கோ ஒரு மூலையில் நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

"அவரு இருக்கறப்ப வந்து சொல்லியிருந்தீங்கன்னா, நான் அவரத் திட்டாம இருந்திருப்பன் இல்லீங்க?" என்றார்.

நான் பிலிமிலிருந்து கையை எடுத்தேன்.

"எங்கிட்டச் சொன்னது பத்தாதுங்க. கால் போன அந்தம்மாகிட்டப் போயிச் சொல்லுங்க. அப்பறம் கூட வேல செஞ்சவிங்க எல்லாருக்கும் எழுதுங்க." பிலிமை என்னிடமிருந்து வாங்கிக் கவருக்குள் வைத்தார். "இது எங்க ஊட்லயே இருக்கட்டும்."

மறுநாள் முதல் பஸ்ஸில் மேலே போனேன். கொட்டச்சேட்டில் சின்னப்பொண்ணு வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்து, உடம்பு வற்றியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ளவே நேரமாயிற்று. நின்றுகொண்டே சொன்னேன். மிளகைக் கையால் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அந்த எக்ஸ்ரேக்காரரு செத்துட்டாருங்களா?" என்றாள்.

"ஆமா."

"மலைய உட்டு எறங்கறதுக்கு முன்னாடி ஒருக்கா வந்தாரு. என் காலப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம நின்னாரு. நான் மண்ண வாரித் தூத்துனன் சிஸ்டரு. கைநெறைய வாரி, அவரு சட்டை மேலயே." மிளகில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "அத அவருகிட்ட இல்ல நீங்க சொல்லியிருக்கோணும். எங்கிட்டச் சொன்னா எனக்குக் காலு நீளவா போவுது?"

முறத்தை எடுத்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்து உள்ளே போனாள். என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நான் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நண்பர்களே, ஜமால் அண்ணன் அஜாக்கிரதையானவர் அல்ல. அவர் வைத்த பெட்டியைத் திறந்தது நான், விளக்கைப் போட்டது நான், வாயை மூடிக்கொண்டது நான். அவர் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கேட்கவும் மாட்டேன். அவர் கடைசியாக எனக்கென்று செய்த காரியம் ஒரு வலது கையை உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்து வைத்தது. அந்தக் கை என்னோடுதான் இருக்கிறது. அந்தக் கையால்தான் இதை எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

சரஸ்வதி, ஸ்டாஃப் நர்ஸ் (ஓய்வு)